சும்மா இருக்கும் உடம்பும் சைக்கிளும்

"நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் ஏன் பசிக்கிறது?" என்று அறந்தாங்கி வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். உடம்பு சும்மா இருப்பதே இல்லை, அம்மா. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கிளம்பாமல் நிற்கும் பஸ்ஸிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறதே, அப்படித்தான். 50 கிலோ எடையுள்ளவர் அசையாமல் உட்கார்ந்திருந்தாலே மணிக்குச் சுமார் 50 கிலோகலோரி செலவாகிறது. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள மூளை, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

எழுந்து நடந்தால் செலவு மூன்று மடங்கு. தசை எரிப்பதில் கால்வாசிதான் வேலையாகிறது. மீதி வெறும் சூடு.

எனக்கு அலுக்காத அதிசயம் இங்கேதான் இருக்கிறது: சைக்கிள். நடக்கையில் அடிக்கு அடி உடம்பைச் சற்றே தூக்கி இறக்குகிறோம். கால் ஊன்றும்போதெல்லாம் வேகம் கொஞ்சம் தடைப்படுகிறது. எடையைத் தாங்குவதற்கென்றே தசைகள் இறுகி நிற்கின்றன. சீட்டில் ஏறிவிட்டால் எடையைச் சைக்கிள் தாங்கிக்கொள்ளும். தொடைத் தசைகளுக்கு மிதிப்பது மட்டுமே வேலை. நடக்கிறவர் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடுவதில் ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில் போகிறவருக்குப் போதும் என்று 1973-இல் பொறியியலாளர் எஸ்.எஸ். வில்சன் எழுதினார். குதிரையும் காரும்கூட இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால்தான். மேடுபள்ளமான மண்சாலையில், சுமையோடு, அவ்வளவு மிச்சமாகாது, ஆனாலும் மிச்சம்தான்.

இதை நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் 1990-களின் தொடக்கத்திலேயே காலால் கண்டுகொண்டார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம். அதைச் சுதந்திரம் என்று எல்லோரும் எழுதினார்கள், சரிதான். இடுப்பிலும் தலையிலும் சுமந்து தீர்ந்த சக்தி உடம்பிலேயே தங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த மிச்சம் சின்ன விஷயமல்ல. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கிலோகலோரி, கடும் உழைப்பாளிக்கு 2720 என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசம். நடவு நட்டு, விறகு சுமந்து வருகிறவர்தான் நம் வீடுகளில் கடைசியாக, இருப்பதைச் சாப்பிடுகிறார். இது அநியாயம்.

பள்ளியில் மகளுக்குக் கொடுத்த அரசு சைக்கிள் திண்ணையோரம் துருப்பிடித்துக் கிடந்தால், காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். அம்மாவுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். சோற்றையும் அவருக்கு முதலில் போடுங்கள்.