செஞ்சி தேசிங்கு ராஜா ஏறிய குதிரை மார்வாரி ரகமா? காது மடிந்த குதிரையின் கதை இதுதான்!

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலை ரோட்டில் சுமார் 28 கி.மீ. போனால் செஞ்சி வந்துவிடும். விழுப்புரத்தில் இருந்து வந்தாலும் ஒரு மணி நேரம்தான். கோட்டைக்குள் போய் குதிரை லாயத்தைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வருகிற பெயர், தேசிங்கு ராஜா. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இந்த ஒரு கோட்டை மட்டும்தான்.

தேசிங்கு ராஜ்புத் வம்சம். அப்படியென்றால் அவர் ஏறியதும் ராஜஸ்தானின் புகழ்பெற்ற மார்வாரி குதிரைதானே? இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

பாராசாரியும் நீலவேணியும்

தேசிங்கின் உண்மைப் பெயர் தேஜ் சிங். அப்பா ஸ்வரூப் சிங், முகலாயர்கள் நியமித்த செஞ்சிக் கோட்டைத் தலைவர். 1714-ல் அப்பா இறந்ததும் மகன் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கப்பம் பாக்கி என்று ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த போரில் தேசிங்கு இறந்தார். அப்போது வயது வெறும் 22. உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாக வந்ததுதான் ராணிப்பேட்டை என்ற ஊர்ப் பெயர்.

ஆட்சி ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. ஆனால் கதைப்பாடல் 300 வருஷமாக நிற்கிறது. டெல்லி பாதுஷாவிடம் யாருக்கும் அடங்காத ஒரு குதிரை இருக்கிறது, சிறுவன் தேசிங்கு அதை அடக்குகிறான் என்பதுதான் கதையின் உச்சம். அந்தக் குதிரையின் பெயர் பாராசாரி. பலரும் தேசிங்கின் குதிரை என்று நினைக்கிற நீலவேணி, உண்மையில் அவருடைய நண்பர் மோவுத்துக்காரனின் குதிரை. ஒருவர் இந்து, இன்னொருவர் முஸ்லிம், இரண்டு பேருக்கும் இரண்டு குதிரை. எம்.ஜி.ஆர். நடித்து 1960-ல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்துக்கும் இதுதான் அடிப்படை.

இனி ரகத்துக்கு வருவோம். தேசிங்கு குடும்பம் புந்தேலா ராஜ்புத். அவர்கள் ஊரான புந்தேல்கண்ட் இன்றைய உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேச எல்லையில் இருக்கிறது. மார்வாரி பிறந்த மார்வார், மேற்கு ராஜஸ்தானில் ஜோத்பூர் பக்கம். இரண்டுக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர் இடைவெளி. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அக்பர் காலத்து 'அயினி அக்பரி' குதிரைகளை ஏழு தரமாகப் பிரிக்கிறது. முதலிடம் அரபுக் குதிரைக்கு, அடுத்தது பாரசீகம். இந்தியக் குதிரைகளுக்குக் கடைசி வரிசைதான். பாதுஷாவின் லாயத்துக் குதிரை என்று கதை சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால், பாராசாரி அரபு அல்லது பாரசீகக் குதிரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நம்ம ஊருக்கு ஏன் சொந்தக் குதிரை இல்லை?

புரவி, பரி, மா, இவுளி என்று தமிழில் குதிரைக்குப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் ஐயனார் கோயில் வாசலில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட குதிரை இனம் தமிழ்நாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. கோடியக்கரைக் காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் இருக்கின்றன, அவை தனிக்கதை.

குதிரை நமக்கு எப்போதும் கப்பலில் வந்த சரக்குதான். சங்க காலத்திலேயே தொண்டை நாட்டுத் துறைமுகத்தில் குதிரைகள் இறங்கியதைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ எழுதியது இன்னும் சுவாரஸ்யம். மன்னர்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவார்களாம், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாதாம். வைத்தியம் தெரிந்த ஆள் இல்லை, அரிசியையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்கள் என்று காரணமும் சொல்கிறார். புல் மேயும் பிராணிக்குக் கறிச்சோறு!

மார்வாரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

காதைப் பார்த்தாலே போதும். இரண்டு காதும் உள்பக்கமாக வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று தொடுவது போல நிற்கும். குஜராத்தின் காத்தியவாரிக்கும் இதே காதுதான், அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். காத்தியவாரி கொஞ்சம் குட்டை, முகம் நடுவில் குழிந்திருக்கும். மார்வாரிக்கு நீண்ட நேரான முகம். தோள்பட்டை உயரம் பெரும்பாலும் 4 அடி 10 அங்குலத்தில் இருந்து 5 அடி 2 அங்குலம் வரை.

பாலைவன மணலில் கால் புதையாமல் தூக்கி வைக்க ஏற்ற தோள் அமைப்பு, மெல்லிய தோல், கெட்டியான குளம்பு. 'ரேவால்' என்று ஒரு நடை உண்டு. அதில் போகும்போது மேலே இருப்பவர் குலுங்காமல் உட்காரலாம். வெள்ளைக்கு மவுசு ஜாஸ்தி. கறுப்பை அபசகுனம் என்று ஒதுக்கிய காலமும் இருந்தது. நம்ம ஊர் போலவே அங்கேயும் சுழி பார்க்காமல் குதிரை வாங்க மாட்டார்கள்.

இவ்வளவு பெருமை இருந்தும் இந்த இனம் அழியப் பார்த்தது. ஆங்கிலேயர்களுக்குப் பிடித்தது பந்தயக் குதிரைகள்தான். மார்வாரியின் காதை அவர்கள் கேலி செய்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன்கள் போனதும் லாயம் வைத்துப் பராமரிக்க ஆள் இல்லை. பல குதிரைகள் சுடப்பட்டன, பல பொதி சுமக்கப் போயின. ஜோத்பூர் மன்னர் உமைத் சிங்கும், பின்னாளில் அவர் பேரன் கஜ் சிங்கும் நல்ல குதிரைகளைத் தேடிச் சேர்த்து இனப்பெருக்கம் செய்ததால்தான் இன்று மார்வாரி மிஞ்சியிருக்கிறது. நாட்டில் மொத்தக் குதிரைகளே குறைந்துகொண்டுதான் வருகின்றன. 2012 கணக்கெடுப்பில் மட்டக்குதிரைகளையும் சேர்த்து சுமார் 6.2 லட்சம். 2019-ல் 3.4 லட்சம்தான்.

வாங்க ஆசையா? இதைக் கவனிங்க

ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மார்வாரி, காத்தியவாரி இரண்டுமே வரும், விலை லட்சங்களில் போகும். ஆனால் விலையைவிடப் பராமரிப்புதான் பெரிய சவால். வறண்ட மணல் நாட்டுக் குதிரை இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறும் ஈரமுமான தரையில் கட்டிவைத்தால் குளம்பு அழுகும். கொள்ளு நல்லதுதான் என்று ஒரேயடியாக அள்ளிக் கொட்டினால் வயிற்றுவலி வந்துவிடும். மாடு மாதிரி குதிரை அசை போடாது, வாந்தியும் எடுக்க முடியாது. உள்ளே போனது அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். உடம்பை முறுக்கிப் புரண்டாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குதிரைக்கு வைத்தியம் பார்த்துப் பழக்கமான மருத்துவர் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைக் குதிரையை வீட்டுக்கு ஓட்டி வருவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.