அசெம்பிள் பண்ணலாம் வாங்க - 6: ஓவர்கிளாக்கிங்குக்குத் தனி பட்ஜெட் வேண்டாம்

1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் வெளியிட்ட ப்ராசஸர்களில் இரண்டு, கம்ப்யூட்டர் கட்டுபவர்களிடையே இன்றும் பேசப்படுகின்றன. ஒன்று, 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2, விலை 669 டாலர். இன்னொன்று, 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ, விலை 149 டாலர். செலரானின் பெருக்கு எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் மதர்போர்டிலிருந்து வரும் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தது. 100-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 450. ஏபிட் பிஎச்6 மதர்போர்டில் இதை பையோஸுக்குள்ளேயே செய்யலாம். ஏராளமான செலரான்கள் அந்த வேகத்தைத் தாங்கின. கேம்களில் விலை உயர்ந்த பென்டியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

இப்படி நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் என்றாலே பணம் மிச்சம் என்ற நம்பிக்கை வேர்விட்டது அந்தக் காலத்தில்தான். இன்று நிலைமை வேறு. ஏஎம்டியின் ரைசன் 5 5600-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். வெப்பமும் மின்சாரமும் இடம்கொடுத்தால் தானாகவே 4.4 வரை ஏறிக்கொள்ளும். அன்று நாம் கையால் தேடி எடுத்த மிச்ச வேகத்தை இன்று சிப்பே எடுத்துக்கொள்கிறது. நமக்கு விட்டுவைப்பது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்காகப் பணத்தைக் கொட்டக்கூடாது. இன்டெல்லில் பெருக்கு எண்ணை மாற்ற வேண்டுமானால் ‘கே’ வகை ப்ராசஸர், ‘இசட்’ வகை மதர்போர்டு, அதற்கேற்ற பெரிய கூலர் என்று மூன்று இடத்தில் கூடுதலாகச் செலவாகும். அந்தத் தொகையை கிராபிக்ஸ் கார்டில் போட்டால், அதே பட்ஜெட்டில் ஒரு படி மேலான கார்டு கிடைத்துவிடும். கேமில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் என் பட்டியல் எளிமையானது. ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 தரத்தில் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, நல்ல கம்பெனியின் 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ். ஏ520 மதர்போர்டு விலை குறைவு. அதில் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது; அது தேவையில்லை என்றால் இந்த மதர்போர்டே போதும். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். கேபினெட்டோடு இலவசமாக வருவதை நம்பி கிராபிக்ஸ் கார்டை மாட்டாதீர்கள்.

இனி, காசு செலவில்லாத வேகம். முதலில் ராம். 16 ஜிபி ஒரே ராமாக வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டு வாங்குவதே சரி. ப்ராசஸருக்கு இரட்டைப் பாதை கிடைக்கும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பொதுவாக ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும், பல ராம்கள் முதல்முறை ஆன் செய்யும்போது 2133-லோ 2400-லோ 2666-லோதான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்து பாருங்கள். எண் குறைவாக இருந்தால், பையோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். கொடுத்த காசுக்கான வேகம் அப்போதுதான் வருகிறது. கம்ப்யூட்டர் ஆன் ஆக மறுத்தால் பதற வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. அதற்கான சாஃப்ட்வேரில் வேகத்தைச் சிறுசிறு படியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் கேம் ஆடிப் பாருங்கள். திரையில் புள்ளிகள் மின்னினாலோ கேம் நின்றுபோனாலோ ஒரு படி இறங்கிவிடுங்கள். 5 சதவீதம் கூடினாலே நல்ல பலன்.

ப்ராசஸரின் வோல்டேஜை மட்டும் துணிந்து ஏற்றாதீர்கள். செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 1.20-லிருந்து 1.35 வோல்ட்டுக்குப் போய் வேகத்தை 5 சதவீதம் கூட்டினால், வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ப்ராசஸரோடு வரும் சின்ன கூலர் அதைத் தாங்காது. டிசம்பரில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அறையின் சூடு 10 டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில் தாங்கும் வேகமே உங்கள் கம்ப்யூட்டரின் உண்மையான வேகம்.

ஆகவே கடைக்குப் போகும்முன் பட்டியலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஓவர்கிளாக்கிங்குக்காகவே சேர்த்த பொருள் ஏதாவது இருந்தால் அடித்துவிடுங்கள். மிச்சமாகும் பணம் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு.

(தொடரும்)