வட்டின் வேகமும் காத்திருப்பின் விலையும்

நிகழ்பட விளையாட்டுகளை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்று ஐயுறுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவ்வையத்தை ஈண்டு விவாதிக்க நாம் முற்படவில்லை. கோடிக்கணக்கான மக்கள் தம் ஓய்வுநேரத்தைச் செலவிடும் ஒரு சாதனத்தில், அந்நேரத்தின் ஒரு பகுதி வெறுங் காத்திருப்பாகக் கழிகின்றதெனின், அதற்கான காரணத்தை ஆராய்வது பயனற்ற முயற்சியாகாது. விளையாட்டு தொடங்குமுன் 'ஏற்றப்படுகிறது' என்ற அறிவிப்புத் திரையிலே நிற்கின்றது. அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது யாது? வட்டு இயக்கியின் வேகமே என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. அவ்விடை பிழையன்று, ஆயின் முழுமையானதுமன்று.

இசைக்கென உருவாக்கப்பட்ட இறுவட்டே கணினித் தரவுகளுக்கும் பின்னர் பயன்படலாயிற்று. இசையை இசைக்கும் இயல்பான வேகத்தில் அது சுழலும்போது செக்கனுக்கு 150 கிலோபைற்று தரவு வாசிக்கப்படும். 1994இல் யப்பானில் வெளிவந்த சோனி நிறுவனத்தின் பிளேஸ்ரேஷன் கருவியில் இரட்டை வேக இயக்கி பொருத்தப்பட்டிருந்தது. அதாவது செக்கனுக்கு 300 கிலோபைற்று. அக்கருவியின் முதன்மை நினைவகம் 2 மெகாபைற்று. எனவே நினைவகம் முழுவதையும் நிரப்புவதற்கு ஏறக்குறைய 7 செக்கன் போதுமானது. ஆயினும், அக்கருவியைப் பயன்படுத்தியோர் பல விளையாட்டுகளில் இதனிலும் நெடுநேரம் காத்திருந்தனர். இந்த வேறுபாட்டிலேதான் நமது வினாவின் உயிர்நிலை தங்கியுள்ளது.

வட்டிலே தரவு ஒரே சுருள்வழியாகப் பதியப்பட்டுள்ளது. அச்சுருளை நீட்டினால் 5 கிலோமீற்றருக்கு மேல் வரும். லேசர் கதிரைத் தாங்கிய வாசிப்புத்தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரவேண்டும். நகர்ந்தபின் உரிய இடத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். அதுமட்டுமன்று. வட்டின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் தரவு ஒரே சீராக வாசிக்கப்படும் பொருட்டு, உட்புறத்தில் விரைந்தும் வெளிப்புறத்தில் மெதுவாகவும் வட்டு சுழலவேண்டியிருந்தது. ஆதலின் ஒவ்வொரு பெரிய நகர்வின்போதும் இயந்திரம் தன் சுழற்சி வேகத்தையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அக்கால இரட்டை வேக இயக்கிகளில் இத்தகைய ஒரு நகர்வுக்கு ஏறக்குறைய ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கு செலவாயிற்று எனக் கொள்வோம். 2 கிலோபைற்று அளவான நூறு சிறு கோப்புகள் வட்டெங்கும் சிதறிக் கிடந்தால், அவற்றைத் தேடுவதற்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே நூறு கோப்புகளை அடுத்தடுத்து வைத்திருந்தால் ஒரு செக்கனுக்குள் வாசித்து முடிக்கலாம். இயக்கி ஒன்றே, வேகமும் ஒன்றே. வேறுபட்டது தரவை அடுக்கிய மனித உழைப்பு மட்டுமே.

இதனைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பையும் வரலாறு தந்தது. 2000இல் வெளிவந்த பிளேஸ்ரேஷன் 2 பழைய வட்டுகளையும் ஏற்றது. அதன் இயக்கி இறுவட்டுகளை 24 மடங்கு வேகத்தில் வாசிக்கவல்லது. அதாவது பழைய கருவியினும் 12 மடங்கு. பழைய விளையாட்டுகளை விரைவாக வாசிக்குமாறு பணிக்கும் ஒரு தெரிவும் அதிலே இருந்தது. காத்திருப்பு 12இல் ஒரு பங்காகக் குறைந்ததா? இல்லை. சில விளையாட்டுகளில் ஓரளவு குறைந்தது. வேறு சில அத்தெரிவை ஏற்காது தடுமாறின. வாசித்த தரவைச் சுருக்கநிலையிலிருந்து விரித்தெடுக்கும் வேலை பழைய வேகத்திலேயே நடைபெற்றது. மேலும் பல நிரல்கள் இரட்டை வேகத்தையே மாறாத இயற்கைநியதியாகக் கருதி எழுதப்பட்டிருந்தன. எதிர்பாராத விரைவும் அவற்றுக்கு ஒரு பழுதாகவே தோன்றியது.

இயக்கியின் மந்தமே நேரடியாகத் தண்டித்த கருவியும் உண்டு. எஸ்.என்.கே. நிறுவனத்தின் நியோ ஜியோ சிடி 1994இல் ஒற்றை வேக இயக்கியுடன் வெளிவந்தது. அதன் நினைவகமோ 7 மெகாபைற்று. அதனை முழுமையாக நிரப்ப ஏறக்குறைய 48 செக்கன் வேண்டும். சண்டை விளையாட்டுகளே அதில் மிகுதி; ஒவ்வொரு மோதலுக்கும் புதிய வீரர், புதிய களம். ஒரு மோதல் நீடிக்கும் நேரத்தோடு ஒப்பிடக்கூடிய நேரத்தை அடுத்த மோதலுக்காகக் காத்திருந்து கழித்தோரின் எரிச்சலை நாம் எளிதில் ஊகிக்கலாம். அதே விளையாட்டுகள் கார்ட்ரிட்ஜ் வடிவில் உடனே இயங்கின. ஆயின் அவற்றின் விலை சாதாரண மக்களுக்கு எட்டாததாக இருந்தது.

அவ்வாறாயின், காத்திருப்பற்ற கார்ட்ரிட்ஜைக் கைவிட்டு, மந்தமான வட்டினைத் தொழிற்றுறை ஏன் தழுவியது? இக்கேள்வியை வெறுந் தொழினுட்பக் கேள்வியாகக் கொள்வோர் தவறிழைப்பர். வட்டினை அச்சிடும் செலவு மிகச் சொற்பம், விரைவில் அச்சிடலாம், கொள்ளளவு ஏறக்குறைய 650 மெகாபைற்று. கார்ட்ரிட்ஜ்களுள் ஒவ்வொன்றும் சில்லுகளாலானது. 1996இல் நின்ரெண்டோ 64 கார்ட்ரிட்ஜையே பற்றிநின்றபோது அதன் மிகப்பெரிய கார்ட்ரிட்ஜ் 64 மெகாபைற்றையே கொள்ளத்தக்கதாயிருந்தது. ஸ்குவெயர் நிறுவனம் தன் 'ஃபைனல் ஃபாண்டசி 7' விளையாட்டை 1997இல் பிளேஸ்ரேஷனுக்கு மூன்று வட்டுகளில் வெளியிட்டது. உற்பத்திச் செலவில் மீதமான தொகையில் ஒரு பகுதி விலைக்குறைப்பாக நுகர்வோனையும் அடைந்தது என்பதை மறுக்கவியலாது. எனினும் அதற்கீடாக அவன் செலுத்திய நேரம் எந்தக் கணக்கேட்டிலும் பதியப்படவில்லை.

காத்திருப்பை மறைக்கும் கலை இந்நிலையிலிருந்தே தோன்றியது. 1996இல் வெளிவந்த 'கிராஷ் பண்டிகூட்' விளையாட்டின் ஆக்கியோர் ஒவ்வொரு கட்டத்தையும் 64 கிலோபைற்றுப் பக்கங்களாகப் பகுத்து, விளையாடுபவன் முன்னேற முன்னேற அடுத்த பக்கத்தை வட்டிலிருந்து கொணர்ந்தனர். நினைவகத்தினும் பெரிய உலகம் அவ்வாறு சாத்தியமாயிற்று. அதே ஆண்டின் 'ரெசிடென்ட் ஈவில்' அறைக்கு அறை செல்லுகையில் ஒரு கதவு மெல்லத் திறப்பதைக் காட்டியது. அச்சம் விளைவிக்கும் உத்தி என்று பலர் போற்றிய அக்காட்சி வட்டின் மந்தத்தை மூடிய திரையுமாகும். அதன் இரண்டாம் பாகம் 1999இல் கார்ட்ரிட்ஜுக்கு மாற்றப்பட்டபோதும் கதவுகள் மெல்லவே திறந்தன. தேவை நீங்கியபின்னும் மரபு எஞ்சுவது கலை வரலாற்றில் புதிதன்றே!

நாம்கோ நிறுவனத்தின் 'ரிட்ஜ் ரேசர்' வேறொரு வழியைக் காட்டியது. தரவு ஏறும்வரை 'கலக்சியன்' என்னும் சிறு விளையாட்டை அது திரையில் தந்தது. பந்தயம் முழுவதும் நினைவகத்தில் ஏறியபின் வட்டினை அகற்றி, விருப்பமான இசைவட்டை இட்டு அவ்விசையோடு ஓட்டவும் முடிந்தது. ஆயின் காத்திருக்கும்போது விளையாடத் தருவது என்னும் எண்ணத்துக்கு அந்நிறுவனம் 1998இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றுக்கொண்டது. 2015 இறுதியில் அவ்வுரிமை காலாவதியாகும்வரை ஏனையோர் பெரும்பாலும் அதனைத் தவிர்த்தே சென்றனர். நுகர்வோனின் வெற்றுநேரத்தை நிரப்பும் வழியும் தனியுடைமையாகியது என்பதைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல நம்மால் இயலவில்லை.

இனி, வேகம் பெருகப் பெருகக் காத்திருப்பு ஏன் மறையவில்லை என்பதை நோக்குவோம். 2006இல் வந்த பிளேஸ்ரேஷன் 3இன் புளூ-ரே இயக்கி செக்கனுக்கு 9 மெகாபைற்று வாசித்தது. நினைவகம் இரு பகுதிகளாக 512 மெகாபைற்று. நிரப்ப ஏறக்குறைய 57 செக்கன். 2013இல் பிளேஸ்ரேஷன் 4: 27 மெகாபைற்று வேகம், 8 கிகாபைற்று நினைவகம், நிரப்ப 5 நிமிடம். இருபது ஆண்டுகளுக்குள் இயக்கியின் வேகம் 90 மடங்காயிற்று. முதன்மை நினைவகமோ 4,000 மடங்காயிற்று. குடம் வளர்ந்த அளவுக்கு ஊற்று வளரவில்லை. ஆகவே வட்டிலிருந்து நேரே விளையாடுவது ஒழிந்தது. அனைத்தையும் முதலில் வன்தட்டில் நிறுவுவது கட்டாயமாயிற்று.

வன்தட்டும் சர்வரோகநிவாரணியன்று. 2008இல் எக்ஸ்பொக்ஸ் 360 விளையாட்டுகளை வன்தட்டில் நிறுவ இடமளித்தபோது, 'ஹேலோ 3' வட்டிலிருந்து ஓடியதைவிட மெதுவாக ஏறியது. அதன் ஆக்கியோர், வட்டிலிருந்து வாசித்துக்கொண்டே வன்தட்டில் இடைச்சேமிப்புச் செய்யும் முறையை முன்னரே வகுத்திருந்தனர். இரு ஊற்றுகள் ஒன்றானபோது அவ்வேற்பாடு குலைந்தது. பின்னாளில் வன்தட்டின் தேடல் நேரத்தைத் தவிர்ப்பதற்காக ஒரே தரவை மீண்டும் மீண்டும் எழுதிவைக்கும் வழக்கமும் பரவியது. சில தரவுகள் 400 முறைவரை இரட்டிக்கப்பட்டதை பிளேஸ்ரேஷன் 5இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020ஆம் ஆண்டு உரையில் எடுத்துக்காட்டினார்.

அவ்வாண்டில் வந்த அக்கருவியின் திண்மநிலைச் சேமிப்பகம் செக்கனுக்கு 5.5 கிகாபைற்று வாசிக்கின்றது. 16 கிகாபைற்று நினைவகத்தை 3 செக்கனில் நிரப்பலாம். பொருத்தப்பட்டுள்ள வட்டு இயக்கியோ நிறுவும்போது ஒருமுறை வாசித்துவிட்டு, பின்னர் வட்டு உள்ளே இருக்கின்றதா என்று பார்ப்பதற்கு மட்டும் உதவுகின்றது. வட்டு திறவுகோலாகிவிட்டது. திறவுகோலே போதுமெனின் அதனை விற்பானேன் என்று வணிகம் வினவுவது இயல்பே. இயக்கியற்ற பிளேஸ்ரேஷன் 5 வகையொன்று 2020இலேயே வந்தது. 2024இன் உயர்தர வகைக்கு இயக்கியைத் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டும். 2025இல் வெளிவந்த நின்ரெண்டோ சுவிட்ச் 2இன் சில அட்டைகளில் விளையாட்டே இல்லை. பதிவிறக்குவதற்கான உரிமை மட்டுமே உண்டு. இரவல் கொடுக்கவும், பழையதை அரைவிலைக்கு விற்கவும், இணைய வசதியற்ற வீட்டிலும் இட்டவுடன் விளையாடவும் இயன்ற ஒரு பொருள், மெதுவாகச் சுழன்ற காரணத்தினால் நம் கையினின்று நழுவிக்கொண்டிருக்கின்றது.