இந்த உலகத்துக்குக் கட்டம் உண்டா?

வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். பாஸ் பட்டனை அமுக்கிவிட்டுப் போகிறீர்கள். அரை மணி கழித்து வந்து மறுபடி ஓடவிட்டால், பாதித் தாவலில் அந்தரத்தில் நின்ற வீரன் மீதித் தாவலை முடிக்கிறான். நடுவில் அரை மணி போனது அவனுக்குத் தெரியுமா? தெரியவே தெரியாது. அவன் கையில் கடிகாரம் கட்டியிருந்தாலும், அதுவும் அவனோடு சேர்ந்துதானே நின்றிருக்கும்!

நம் உலகமும் யாரோ கணினியில் ஓடவிட்ட சிமுலேஷனாக இருந்தால்? நிக் பாஸ்ட்ரம் என்ற தத்துவ அறிஞர் 2003இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வருங்கால மனிதர்கள் நம்மைப் போலவே யோசிக்கிற ஆட்கள் நிறைந்த உலகங்களைக் கணினியில் ஏராளமாகப் படைத்தால், நிஜ மனிதர்களைவிடக் கணினி மனிதர்களே அதிகமாகிவிடுவார்கள். அப்போது நாமும் அந்தக் கூட்டத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். அப்படிப்பட்ட உலகங்களை யாருமே படைக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார். நல்ல வாதம்தான். ஆனால் கருவி வைத்து அளந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது, 2012இல் சைலஸ் பீன், ஸோரே தாவூதி, மார்ட்டின் சாவேஜ் என்ற மூன்று இயற்பியலாளர்கள் எழுதிய கட்டுரை. இவர்களுக்குச் சிமுலேஷன் செய்வதே தொழில். புரோட்டானுக்குள் குவார்க்குகள் எப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன என்று சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர்கள். இடத்தை உள்ளபடியே கணினிக்குள் வைக்க முடியாது. அதற்கு முடிவில்லாத புள்ளிகள் வேண்டும். அதனால் இடத்தைக் குட்டிக் குட்டிக் கட்டங்களாக வெட்டி, மூலைகளில் மட்டும் கணக்கிடுவார்கள். அவ்வளவு பெரிய கணினியாலும் ஓர் அணுக்கரு அளவு இடத்தைத்தான் சமாளிக்க முடிகிறது. நம்மை உருவாக்கியவர்களும் இதே வழியைப் பிடித்திருந்தால் என்ன தடயம் மிஞ்சும்? இதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. பாஸ் போட்டதை உள்ளே இருப்பவரால் கண்டுபிடிக்க முடியாது. கட்டத்தை மறைப்பது அவ்வளவு சுலபமில்லை.

கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுங்கள். கட்டங்களைப் பென்சிலால் நிரப்பியே ஒரு கோடு போடுங்கள். இடமிருந்து வலமாகப் போனால் கோடு நேராக வரும். கொஞ்சம் சாய்த்துப் போட்டால் படிக்கட்டாகிவிடும். நோட்டைத் தள்ளிப் பிடித்தால் படிகள் தெரியாது, கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தால் தெரியும். கட்டத்துக்குள் எல்லாத் திசையும் சமமில்லை என்பதுதான் விஷயம்.

துகள்களில், ஆற்றல் கூடக் கூட அலைநீளம் குறையும். அதாவது ஆற்றல் மிகுந்த துகள் இடத்தை மிகக் கிட்டத்தில் ‘பார்க்கிறது’. ஆகவே கட்டம் இருந்தால், ஆற்றல் மிக மிக அதிகமான துகள்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அவற்றின் ஆற்றலுக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும்.

அத்தகைய துகள்கள் விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்களாக வருகின்றன. ஆனால் உச்ச ஆற்றல் கொண்டவை ஒரு சதுர கிலோமீட்டரில் நூறு ஆண்டுக்கு ஒன்று என்ற அளவில்தான் விழும். அதனால்தான் அர்ஜென்டினாவின் பியேர் ஓஜே ஆய்வகம் சுமார் 3000 சதுர கிலோமீட்டர் சமவெளியில் பரந்து கிடக்கிறது. 1.5 கிலோமீட்டருக்கு ஒன்றாக 1600க்கும் மேற்பட்ட தொட்டிகள். ஒவ்வொன்றிலும் 12,000 லிட்டர் தூய நீர், உள்ளே கும்மிருட்டு. ஒரு காஸ்மிக் கதிர் காற்றில் மோதினால் கோடி கோடியாகத் துகள்கள் மழைபோலக் கொட்டும். அவை தொட்டிக்குள் பாயும்போது, நீரில் ஒளி போகும் வேகத்தையும் மிஞ்சிப் பாய்வதால், நீல ஒளி பளிச்சிடும். எந்தத் தொட்டி முதலில் மின்னியது, அடுத்தது எது என்ற நேரக் கணக்கை வைத்து, கதிர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு பொறுமையான வேலை!

2017இல் ஓஜே குழு ஒரு செய்தி வெளியிட்டது: ஆற்றல் மிகுந்த கதிர்கள் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து சற்று அதிகமாகவும், எதிர்ப்பக்கத்திலிருந்து குறைவாகவும் வருகின்றன. கட்டம் அகப்பட்டுவிட்டதா? இல்லை. கட்டத்துக்கு எதிரெதிர்த் திசைகள் ஒரே மாதிரிதான். ஒரு பக்கம் கூடினால் நேர் எதிர்ப்பக்கமும் கூட வேண்டும். இங்கே ஒரு பக்கம் மட்டுமே கூடியிருக்கிறது. இந்தக் கதிர்கள் நம் பால்வெளி மண்டலத்துக்கு வெளியிலிருந்து வருகின்றன என்பதற்கு அது சான்றாயிற்று. ஆற்றலுக்கு ஓர் உச்சவரம்பும் தெரிகிறதுதான். ஆனால் அதற்குக் கட்டம் தேவைப்படாத விளக்கம் 1966இலேயே வந்துவிட்டது: வழியெங்கும் நிறைந்திருக்கும் பெருவெடிப்பின் மிச்ச ஒளியோடு மோதி மோதித் துகள்கள் ஆற்றலை இழக்கின்றன.

அந்த மூவரின் கணக்குப்படி, கட்டம் ஒன்று இருந்தாலும் அது புரோட்டானின் அகலத்தில் சுமார் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இருக்கலாம், அல்லது அதையும்விடப் பொடியாக. அவ்வளவு பொடியான கட்டத்தைப் பிடிக்க இன்னும் ஆற்றல் மிகுந்த கதிர்கள் வேண்டும். கட்டமே இல்லாமல் புள்ளிகளைத் தாறுமாறாகத் தூவி உலகத்தைக் கணக்கிட்டிருந்தாலோ, திசைகளுக்குள் வேறுபாடே தெரியாது. அதற்கு ஓஜே தொட்டிகள் உதவாது, வேறு ஒரு சோதனையை யாராவது யோசித்தாக வேண்டும்.