அலங்கார மீன்தொட்டிக்கு ஒரே நிறப் பின்புறம்

கற்பிட்டி, சிலாபம் பகுதிகளில் நெல்லும் காய்கறியும் பயிரிடும் கமக்காரர், வீட்டில் அலங்கார மீன் வளர்த்துத் துணை வருவாய் பெறலாம். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை இத்தொழிலுக்கு வழிகாட்டுகின்றது.

வெண்சுவரை ஒட்டிய தொட்டியில் நல்ல கப்பி மீனும் வெளிறித் தோன்றும்; வாங்குவோர் விலையைக் குறைப்பர். பின்புறம் கருமையாயின், மீன்தோலிலுள்ள கருநிறப்பொருள் பரவி உடல் ஆழ்ந்த நிறம் பெறும். வெண்மையாயின் அது ஒடுங்கி உடல் வெளிறும். நோயினால் வெளிறிய மீனை இம்முறை தேற்றாது.

ஆகவே, நீர் நிரப்புமுன் பின்கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து உலர்த்தி, கறுப்பு அல்லது கருநீலத் தீந்தையை மெல்லிதாக இருமுறை பூசுக. முதற்பூச்சு உலர்ந்த பின்னரே இரண்டாவதைப் பூசவேண்டும். தீந்தைக்குப் பதிலாக நிறத்தாளும் ஒட்டலாம். ஈரக்காற்று வீசும் கரையோரத்தில் கடதாசி விரைவில் சுருங்குமாதலால் பொலித்தீன் தாளே ஏற்றது.

உட்புறத்தில் ஒருபோதும் தீந்தை பூசலாகாது. அதன் நஞ்சு நீரிற் கலந்து மீனைக் கொல்லும். பயிருக்கான பூச்சிநாசினியும் சிறு துளியளவிலேயே மீனை மடிவிக்கும். மருந்து தெளித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் தொட்டியைத் தொடலாகாது. தொட்டிக்கெனத் தனி வாளி ஒன்றை வைத்துக்கொள்க.