பீலித் தண்ணி ஏன் கலங்குது?

ஐப்பசி மழை பெய்ஞ்ச மறுநாள் பீலிக்குப் போனால், குடத்தில் விழுவது தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. "மழைத் தண்ணி அப்படித்தான், ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்" என்று விட்டுவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படிச் சொன்னவன்தான்.

அந்த மண் எங்கிருந்து வருகிறது? ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்து பார்த்தேன். கரையை ஒட்டியே நாலு மரக்கறித் தோட்டம். கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு. பாத்திகள் எல்லாம் மேலிருந்து கீழாகச் சரிவோடு வெட்டியிருக்கிறது. தண்ணி வடிந்தால் கிழங்கு அழுகாது, உண்மைதான். ஆனால் பாத்திக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் மழைக்குக் கானாக மாறி, மேல்மண்ணை இழுத்துக்கொண்டு நேரே ஓடையில் இறங்குது. போட்ட உரம், கோழி எரு, அடிச்ச மருந்து எல்லாம் அதோடு வருகின்றன. பீலி அதற்குக் கீழே. தண்ணி தெளிந்தாலும் எருவில் உள்ள கிருமி போகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உரமும் மருந்தும் அப்படியே நிற்கும்.

மிச்ச மண் கொத்மலை ஓயா வழியாக 1985இல் திறந்த கொத்மலை நீர்த்தேக்கம் வரை போய்ப் படிகிறது. நுவரெலியா கிரகரி வாவியில் பாசி பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மண்ணில் ஒட்டி வரும் உரம் பாசிக்குச் சாப்பாடு.

பழி மரக்கறிக்காரர்மேல் மட்டும் இல்லை. தேயிலை மலையிலும் கான் மண் அள்ளாமல் கிடக்கிறது. துரைமார் 'லொக் அன்ட் ஸ்பில்' என்று சொல்லும் தடுப்புக் கான், குழியில் மண் நிறைந்துவிட்டால் வெறும் வாய்க்கால்தான். அதற்கு ஆள் போடச் சொல்லி நாம் கேட்க வேண்டும். கவ்வாத்து மலையில் மிலாறு முழுவதையும் அடுப்புக்குத் தூக்கி வராமல், குச்சியை எடுத்துக்கொண்டு இலையையாவது மண்ணில் விடலாம். அடுப்புக்கு வேறு வழி இல்லாதபோது இதற்கு மேல் கேட்க எனக்கும் மனசு வராது.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, ஓடைக்கரையில் ஆறடி விட்டு மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நெருக்கமாக நடச் சொன்னேன். "ஐயா, ஆறடி விட்டா ரெண்டு பாத்தி போயிருமே" என்றார் ஒரு அண்ணன். போகத்தான் செய்யும். அவர் பேத்தி குடிப்பதும் இந்தப் பீலியில்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குவாத்தமாலான்னா மாட்டுக்கும் அறுக்கலாம், என்ன?" என்று கேட்டார். இப்போது மூன்று பேர் நட்டுவிட்டார்கள். நாலாமவர் அடுத்த மழைக்கு முன் நடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

புல் கட்டை வேண்டியவர்கள் வெல்பெயார் ஒபீஸில் பெயர் கொடுங்கள். காசு இல்லை, சாக்கு மட்டும் கொண்டு வரவும்.