பழைய டி.வி. கேம் பெட்டி: பழுதென்று தள்ளும் முன்



சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கும் நண்பர்களிடம், 1990களில் சிறுவர்களாக இருந்தவர்கள் தங்கள் டி.வி. கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, "இது ஓடுமா?" என்று கேட்கிறார்கள். சில கடைகளில் "பழைய இரும்புக்கடையில் போடுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். வேறு சில கடைகளிலோ கைக்குக் கிடைத்த அடாப்டரைச் செருகி இருக்கிற உயிரையும் போக்கிவிடுகிறார்கள். இரண்டுமே கடைக்கு நல்ல பெயர் தராது.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் 'பேமிகாம்' என்ற பெட்டியை வெளியிட்டது. சாமுராய் முதலிய பெயர்களில் நம் நாட்டில் விற்றவை பெரும்பாலும் அந்த வகையே. இதன் கேசட்டுக்கு 60 தொடுமுனைகள். 1985-ல் அமெரிக்காவில் வந்த பெட்டிக்கு 72. எனவே ஒன்றின் கேசட் மற்றதில் நேரடியாகப் பொருந்தாது.

முதலில் அடாப்டரைப் பாருங்கள். அசல் பேமிகாமுக்கு 10 வோல்ட் டி.சி., நடுவில் மைனஸ், வெளியில் பிளஸ். நகல் பெட்டிகளில் இது மாறும்; பெட்டியின் அடியில் உள்ள குறியைப் பார்த்த பிறகே செருக வேண்டும். அமெரிக்கப் பெட்டியின் அடாப்டர் 9 வோல்ட் ஏ.சி. தருவது, அதை இதில் போடவே கூடாது. டிரான்ஸ்பார்மர் உள்ள பழைய 9 வோல்ட் அடாப்டரைத் தனியே அளந்தால் மீட்டர் 12, 13 காட்டுவதும் உண்டு, அது பழுதல்ல. வயர் பின்னோடு சேரும் இடத்தில் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடாப்டர் சரியாக இருந்தும் பெட்டிக்கு உயிர் வராவிட்டால், உள்ளே 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட் தருகிறதா என்று அளக்க வேண்டும். தராவிட்டால் அதை மாற்றலாம். விலை மிகக் குறைவு.

அடுத்து கேசட். படம் கலைந்து கோடுகோடாக வந்தாலும், ஒரே நிறமாக நின்றாலும், முதல் சந்தேகம் அழுக்கின் மேல்தான். குற்றாலச் சாரல் காலத்து ஈரமும் கோடைத் தூசியும் செம்புப் பட்டைகளைக் கறுக்கச் செய்யும். வாயால் ஊதுவது வழக்கமாகிவிட்டது. எச்சில் ஈரம் பட்டு நாளடைவில் களிம்பு ஏறும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடையுங்கள். போகாத கறைக்குப் பென்சில் ரப்பரை மெதுவாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் பட்டால் முலாம் போய்விடும். நன்றாகக் காய்ந்த பின், மின்சாரம் இல்லாமல் நாலைந்து முறை செருகி எடுத்தால் பெட்டியின் உள்முனைகளும் ஓரளவு சுத்தமாகும்.

மூன்றாவது டி.வி. இணைப்பு. ஏ.வி. துளை இருந்தால் மஞ்சள் படத்துக்கு, வெள்ளை அல்லது சிவப்பு ஒலிக்கு, டி.வி.யையும் ஏ.வி.க்கு மாற்ற வேண்டும். ஆன்டெனா வழி மட்டும் உள்ள பெட்டிக்கு வி.எச்.எப். சேனலைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒளித் துப்பாக்கி பிக்சர் டியூப் டி.வி.யில்தான் குறி பார்க்கும். எல்.இ.டி. டி.வி.யில் வாத்து விழவில்லை என்றால் துப்பாக்கியில் குறை தேடிப் பயனில்லை. இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜாய்ஸ்டிக் பட்டன் வேலை செய்யாவிட்டால் உள்ளே உள்ள கார்பன் ரப்பரையும் அது படும் இடத்தையும் துடைத்துப் பாருங்கள். வயர் அறுந்திருந்தால் பற்றவைக்கலாம்.

இத்தனையும் பார்த்தும் ஓடவில்லையானால் சிப் பழுதாக இருக்கலாம். மலிவான பெட்டிகளில் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கி, மேலே கறுப்புப் பசை மூடியிருக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை. அப்போது உள்ளதைச் சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று: பெட்டியை வாங்கும்போதே வாடிக்கையாளர் எதிரில் போட்டுப் பார்த்து, உள்ள குறையையும் கொடுத்த கேசட்டுகளின் எண்ணிக்கையையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். துடைத்துச் சரியானதற்குத் துடைத்த கூலி மட்டுமே வாங்குங்கள். சிப் மாற்றியதாகக் கணக்கு எழுத வேண்டாம். இன்று கேமுக்கு வந்தவர்தான் நாளை மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் நம் கடைப்படி ஏறுவார்.